புற்றுக்குள் புகுந்த கேமரா

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வயல் வரப்புகளிலும் பனையடிகளிலும் ஆள் உயரத்துக்குப் புற்றுகள் நிற்கின்றன. செவ்வாய், வெள்ளிகளில் மஞ்சள் தூவி, பால் ஊற்றி, முட்டை வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று சொலவடையும் வைத்திருக்கிறோம். ஆனாலும் மரியாதையெல்லாம் குடிவந்த பாம்புக்குத்தான். பாடுபட்டுக் கட்டிய கறையானைப் பற்றி நாம் கேட்டதில்லை. கேட்டவர் ஆப்பிரிக்காவில் இருந்தார். அவரைக் கேட்க வைத்தது ஒரு தொலைக்காட்சிப் படம்.

அவர் பெயர் மிக் பியர்ஸ், ஜிம்பாப்வே நாட்டுக் கட்டடக் கலைஞர். 1990களின் தொடக்கத்தில் தலைநகர் ஹராரேயில் கடைகளும் அலுவலகங்களும் கொண்ட ஈஸ்ட்கேட் என்ற பெரிய வளாகத்தை வடிவமைக்கும் வேலை அவரிடம் வந்தது. வழக்கமான ஏசி இல்லாமலே உள்ளே வெப்பம் அடங்கியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தச் சமயத்தில் அவர் இயற்கைப் படங்களுக்குப் பெயர்போன டேவிட் அட்டன்பரோ தோன்றிய பிபிசி ஆவணப்படம் ஒன்றில் கறையான் புற்றின் உட்புறத்தைப் பார்த்தார்.

கறையான் புற்று காற்றோட்டத்தோடு இயங்குகிறது என்பது அப்போது புதிய செய்தி அல்ல. சுவிட்சர்லாந்து விஞ்ஞானி மார்ட்டின் லூஷர் 1961லேயே அதை எழுதிவிட்டார். கூட்டில் எழும் சூடான காற்று நடுப்புழை வழியே மேலேறி, ஓரத்துக் குழாய்களில் ஆறி, மறுபடி கீழிறங்குகிறது என்பது அவர் விளக்கம். ஆனால் அது பெரும்பாலும் பூச்சியியல் படித்தவர்களிடமே கிடந்தது போலும். கட்டடம் வரைபவர் நாள்தோறும் போடுவது குறுக்குவெட்டுப் படம். ஆவணப்படமும் புற்றின் உட்புற அமைப்பைக் கண்முன் காட்டிவிட்டது. அதற்குமேல் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

1996இல் ஈஸ்ட்கேட் திறக்கப்பட்டது. ஒன்பது மாடிகள் கொண்ட இரண்டு நீண்ட கட்டடங்கள், நடுவே கண்ணாடிக் கூரை போட்ட திறந்தவெளி, உச்சியில் வரிசையாக 48 புகைபோக்கிகள். பகலில் மக்களும் விளக்குகளும் கணினிகளும் வெளியிடும் வெப்பத்தைக் கனமான கான்கிரீட்டும் செங்கல்லும் உறிஞ்சிக்கொள்கின்றன. இரவில் பெரிய விசிறிகள் குளிர்ந்த வெளிக்காற்றை உள்ளே தள்ளி அந்த வெப்பத்தைக் கழுவி விடுகின்றன. பகலில் மணிக்கு இரண்டு முறை மாறும் உள்காற்று, இரவில் மணிக்குப் பத்து முறை மாறுகிறது. காலையில் வேலைக்கு வருகிறவர்களுக்குக் குளிர்ந்த கான்கிரீட் காத்திருக்கிறது. ஹராரே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவு நன்றாகவே குளிரும். முழு ஏசி வசதியுள்ள அங்கத்திய கட்டடங்களோடு ஒப்பிட்டால் மின்செலவு 35 சதவீதம் குறைவு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆனால் கறையான் புற்று அப்படி வேலை செய்வதில்லை.

ஸ்காட் டர்னர் என்ற உடலியல் விஞ்ஞானி ஆப்பிரிக்கப் புற்றுகளில் கருவிகளைப் பொருத்தி அளந்தார். கூட்டின் வெப்பம் சுற்றியுள்ள மண்ணின் வெப்பத்தோடு ஆண்டு முழுவதும் ஏறி இறங்குவதைக் கண்டார். கூட்டைக் குளுகுளுவென்று வைத்திருப்பது புற்றின் வேலை அல்ல. மண்ணுக்கடியில் இருக்கும் லட்சக்கணக்கான உயிர்கள் விடும் மூச்சை வெளியேற்றுவதற்காக வெளியே துருத்தி நிற்கும் நுரையீரல் அது.

நம் வரப்புகளில் நிற்கும் புற்றின் கதை இன்னும் சுவையானது. ஓடோன்டோடெர்மிஸ் ஒபீசஸ் என்பது இந்தியாவில் பரவலாகக் காணப்படும் கறையான் இனம். அதன் புற்றை ஹன்டர் கிங், சாமுவேல் ஓக்கோ, எல். மகாதேவன் ஆகியோர் ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். இவ்வகைப் புற்றின் வெளிப்புறம் வழவழப்பாக இருக்காது. மேலிருந்து கீழாகப் புடைத்த வரிகள் ஓடும். ஒவ்வொரு வரிக்குள்ளும் ஒரு மெல்லிய குழாய். நடுவில் தடித்த மண்ணால் சூழப்பட்ட பெரிய புழை. வெயில் ஏறினால் வெளிக்குழாய்கள் சட்டென்று சூடாகும், நடுப்புழை மெதுவாகத்தான் சூடாகும். ஆகவே பகலில் காற்று ஓரத்தில் ஏறி நடுவில் இறங்குகிறது. இரவில் ஓரம் முதலில் ஆறிவிடும். காற்று திசை மாறி நடுவில் ஏறி ஓரத்தில் இறங்குகிறது. கூட்டில் தேங்கும் கரியமில வாயு இந்த ஓட்டத்தில் மேலே வந்து, நுண்துளைகள் நிறைந்த மண்சுவர் வழியாகக் கசிந்து வெளியேறுகிறது. வாசல் என்று ஒன்று வேண்டியதே இல்லை. கூட்டுக்குள் கறையான்கள் பூஞ்சையைப் பயிரிடுகின்றன. மழை பெய்ததும் நாம் தேடிப் பறித்துக் குழம்பு வைக்கும் புற்றுக்காளான் அந்தப் பயிரின் பூப்புத்தான்.

ஆக, பகலும் இரவும் மாறுவதே எரிபொருள். விசிறி இல்லை.

பியர்ஸ் பார்த்த படத்தின் விளக்கம் அரைகுறை. அவர் கட்டிய கட்டடமோ இருபத்தைந்து ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. காரணம் எளிது. படம் அவருக்கு ஒரு கேள்வியைத்தான் கொடுத்தது: மண்ணும் காற்றும் மட்டும் வைத்து இதைச் செய்ய முடியுமா? விடையை அவரும் ஆரூப் நிறுவனப் பொறியாளர்களும் ஹராரேயின் வெப்ப அளவுகளை வைத்துத் தாங்களே கணக்கிட்டார்கள். கறையானை அப்படியே நகல் எடுத்திருந்தால் கட்டடம் புழுங்கியிருக்கும்.

சுற்றுச்சூழல் படங்கள் பலவகை. எரியும் காட்டையும் பிளாஸ்டிக் தின்று செத்த பறவையையும் காட்டுபவை நெஞ்சை உலுக்கும், அவை வேண்டும்தான். ஆனால் மறுநாள் காலை வரைபலகை முன் உட்காரும் ஒருவருக்கு அந்தக் குற்ற உணர்ச்சியிலிருந்து ஒரு கோடு கூட வராது என்பது என் எண்ணம். ஓர் உயிர் தன் வெப்பத்தை, தண்ணீரை, கழிவை எப்படிச் சமாளிக்கிறது என்று பொறுமையாகக் காட்டும் படங்களே வடிவமைப்பாளருக்குப் பிடி கொடுக்கின்றன. நாள் முழுவதும் நடப்பதை ஒரு நிமிடத்துக்குள் சுருக்கும் காட்சியும், கண்ணுக்குத் தெரியாத சூட்டை நிறமாக்கும் வெப்பக் கேமராவும் பாடப் புத்தகத்தால் முடியாத வேலையைச் செய்கின்றன. அம்புக்குறி போட்டுக் காட்டும் இடத்தில் மட்டும் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். ஒரு மணி நேரப் படத்துக்கு எளிய கதை தேவைப்படுகிறது, இயற்கைக்கு அது தேவையில்லை.

பாலக்காட்டுக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டிருப்பதால் காற்றுக்குப் பஞ்சமில்லை. கோடையில் 40 டிகிரியைத் தொடும் பகல்கள் உண்டு; ஆனால் வறண்ட மாதங்களில் இரவுக்கும் பகலுக்கும் உள்ள இடைவெளி கொச்சியில் இருப்பதைவிட அதிகம். கொச்சியின் ஈரக்காற்றில் ஹராரே முறை அவ்வளவாக எடுபடாது. இங்கே எடுபட வாய்ப்பு உண்டு. பாலக்காட்டின் கல்பாத்தி அக்ரஹாரத்தின் பழைய ஓட்டு வீடுகள் ஒன்றின் பக்கச்சுவரை மற்றொன்று பகிர்ந்துகொண்டு வெயில் படும் பரப்பைக் குறைக்கின்றன, முற்றத்தின் வழியே சூட்டை மேலே விடுகின்றன. நாம் இப்போது கட்டும் கான்கிரீட் வீடு பகலெல்லாம் வெப்பத்தைச் சேர்த்து வைத்து, நாம் படுக்கப் போகும் நேரத்தில் தலைக்குமேல் இருந்து இறக்குகிறது. அதே கான்கிரீட் ஹராரேயில் நண்பன். இங்கே பகைவன் ஆனதற்குக் காரணம், இரவுக்காற்று அதைத் தொட வழியில்லாமல் பொழுது சாய்ந்ததும் கொசுவுக்காக ஜன்னல்களைச் சாத்திவிடுகிறோம். சில வீடுகளில் கூரையை ஒட்டிய காற்றுத் துவாரங்களையும் அடைத்துவிட்டார்கள்.

எந்தப் படமும் கொசுவைக் காட்டவில்லை. வரைபவர்தான் அதை நினைவில் வைக்க வேண்டும். கொசுவலை காற்றின் வேகத்தைக் குறைக்கும் என்பதால் துவாரத்தை வழக்கமான அளவைவிடப் பெரிதாக விட வேண்டும்: கீழே காற்று வரும் பக்கம் ஒன்று, எதிர்ச்சுவரில் கூரையை ஒட்டி ஒன்று. ஒற்றை மாடி வீட்டின் உயரம் குறைவு, ஆகவே சூடான காற்று தானாக மேலேறும் விசையும் குறைவு; காற்றடிக்காத இரவுகளுக்கு மேல்துவாரத்தில் வெளியே தள்ளும் சிறிய விசிறி ஒன்றும் தேவைப்படும்.