கப்பல் ரத்தானால் உங்கள் அட்வான்ஸ் எந்த வரிசையில் நிற்கும்?

நான் ஆடிட்டர். சென்னையில் சில டிராவல் ஏஜென்சிகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். அது தெரிந்த சொந்தக்காரர்களும் நண்பர்களும் குரூஸ், அதாவது கப்பல் சுற்றுலா, புக் செய்யும் முன் எனக்குப் போன் செய்வார்கள். பால்கனி கேபின் எடுக்கலாமா, சைவச் சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்குமா, வெளிநாட்டுப் பயணத்தை விற்கும்போதே பிடிக்கும் வரியான டிசிஎஸ் எவ்வளவு, இவைதான் கேள்விகள். கட்டுகிற பணம் கப்பல் கிளம்பும் நாள் வரை யார் கையில் இருக்கும் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஃபிக்ஸட் டெபாசிட் போட மூன்று பேங்க் ஏறி இறங்குகிறவர்கள், ஆறு மாதம் கழித்துப் போகப்போகிற பயணத்துக்கு, வாட்ஸ்அப்பில் வந்த க்யூஆர் கோடுக்கு முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

கப்பல் கம்பெனியின் கணக்கில் நீங்கள் கட்டிய அட்வான்ஸ் வருமானம் கிடையாது. பயணம் முடியும் வரை அது கம்பெனி உங்களுக்குத் தர வேண்டிய கடன். ஆனால் அந்தக் காசைத் தனியாகப் பூட்டி வைப்பதும் கிடையாது. எரிபொருள், சம்பளம், புதுக் கப்பலுக்கான தவணை என்று அன்றாடச் செலவில் ஓடிக்கொண்டிருக்கும். சீட்டுக் கம்பெனி மாதிரிதான், புதிய ஆள் வந்துகொண்டிருக்கும் வரை ஒரு குறையும் தெரியாது.

2020 மார்ச்சில், கொரோனா வந்தபோது, அந்தக் குறை தெரிந்தது. உலகத்தின் மிகப் பெரிய குரூஸ் நிறுவனமான கார்னிவலிடம் அந்த ஆண்டு பிப்ரவரி கடைசியில் பயணிகளின் முன்பணம் மட்டும் 470 கோடி டாலர் இருந்தது. இரண்டே வாரத்தில் எல்லாக் கப்பலும் நின்றுவிட்டன. ரீஃபண்ட் கேட்டு ஒரு பக்கம் கூட்டம், இன்னொரு பக்கம் ஓடாத கப்பலுக்கும் ஆகிற செலவு. ஏப்ரலில் அவர்கள் கப்பல்களை ஈடாகக் காட்டி 11.5 சதவீத வட்டிக்கு 400 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். அவ்வளவு பெரிய கம்பெனி அந்த வட்டிக்குக் கடன் வாங்குகிறது என்றால் நிலவரம் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். அந்த நிதியாண்டின் நஷ்டம் 1,000 கோடி டாலருக்கு மேல். அமெரிக்க அரசின் பெருநிறுவன உதவித் திட்டத்திலும் இடம் கிடைக்கவில்லை. கார்னிவல் பனாமாவில் பதிவானது, மற்ற பெரிய குரூஸ் கம்பெனிகளில் ராயல் கரீபியன் லைபீரியாவில், நார்வீஜியன் பெர்முடாவில். வரி மிச்சம் என்று வெளியே போய்ப் பதிவு செய்தவர்களுக்கு உள்நாட்டு உதவி எப்படிக் கிடைக்கும்?

அப்போதுதான் ரத்தான பயணங்களுக்குக் குரூஸ் கம்பெனிகளின் 125 சதவீத ஆஃபர் வந்தது. பணமாகக் கேட்டால் கட்டியது மட்டும், அதுவும் மாதக் கணக்கில் காத்திருந்து வாங்க வேண்டும். அடுத்த பயணத்துக்கான கிரெடிட்டாக எடுத்துக்கொண்டால் கட்டியதற்கு மேல் கால் பங்கு கூடுதல். நிறையப் பேர் லாபம் என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்து இதில் உறுதியான லாபம் கம்பெனிக்குத்தான். பணம் வெளியே போகவில்லை, கூடுதல் 25 சதவீதத்தை அடுத்த வருட டிக்கெட் விலையில் கரைத்துவிடலாம், கிரெடிட்டுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. திரும்பப் போவது உறுதி, கம்பெனியும் திடமானது என்றால் சரி, எடுங்கள். இல்லையென்றால் வட்டியில்லாமல் இன்னொரு கடன் கொடுக்கிறீர்கள்.

கம்பெனி திடமாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2022 ஜனவரி நல்ல பாடம். ஜெர்மனியில் கட்டிக்கொண்டிருந்த கப்பல்களுக்கான பணம் கிடைக்காமல் ஜென்டிங் ஹாங்காங் நிறுவனம் திவாலாகி, பெர்முடா நீதிமன்றத்தில் மனுப்போட்டது. அவர்களுடைய கிரிஸ்டல் சிம்ஃபனி என்ற கப்பல் பயணிகளோடு மயாமிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. எரிபொருள் பாக்கிக்காக அந்தக் கப்பலைப் பறிமுதல் செய்ய அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டதும், மயாமிக்கே வராமல் பஹாமாஸில் உள்ள பிமினி தீவில் போய் நின்றது. பயணிகளைப் படகில் ஏற்றி ஃப்ளோரிடாவுக்கு அனுப்பினார்கள். அதே நிறுவனத்தின் ட்ரீம் குரூஸஸ் சிங்கப்பூரிலிருந்து ஓட்டிய வேர்ல்ட் ட்ரீம், மார்ச் தொடக்கத்தோடு நின்றது. நம் ஊர்க்காரர்களுக்கு இந்த ட்ரீம் கப்பல்கள் நன்றாகவே பழக்கம்.

இங்கேயே இன்னொன்று. எஸ்ஸெல் குழுமம் தொடங்கிய ஜலேஷ் குரூஸஸ், 2019 ஏப்ரலில் மும்பையிலிருந்து கர்ணிகா என்ற கப்பலை ஓட்ட ஆரம்பித்தது. 2020 அக்டோபரில் கம்பெனியை மூடிவிட்டார்கள். பாக்கிக்காகக் கப்பலை நீதிமன்றம் ஏலம் விட்டு, அது குஜராத்தின் அலங்கில் உடைப்புக்குப் போனது. இப்படி ஒரு கப்பலை விற்றால் வருகிற பணத்தில் மாலுமிகளின் சம்பளப் பாக்கிக்கு முன்னுரிமை, அடமானம் வைத்திருக்கும் பேங்குக்கு உரிமை, அப்புறம் மற்றவர்கள். டிக்கெட் வாங்கியவர் கடைசி வரிசை.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பெரிய கம்பெனியாகப் பார்த்துப் புக் செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள். என் மேஜைக்கு வருகிற தகராறுகளில் அதிகம் கப்பல் கம்பெனியால் வந்தவை அல்ல, நடுவில் இருக்கிறவர்களால் வந்தவை. சின்ன ஏஜென்ட் பெரும்பாலும் கப்பல் கம்பெனியிடம் நேராக வாங்குவதில்லை. மும்பையிலோ டெல்லியிலோ இருக்கும் மொத்த வியாபாரியிடம் ஒரு வாலட்டில் பணம் போட்டு வைத்து அதிலிருந்து புக் செய்வார். ரத்தானால் பணம் வந்த வழியே திரும்பும். கம்பெனியிலிருந்து மொத்த வியாபாரிக்கு, அங்கிருந்து ஏஜென்ட்டின் வாலட்டுக்கு. உங்கள் பேங்க் கணக்குக்குத் தானாக வராது.

ஒரு ஏஜென்சியின் 2021 மார்ச் கணக்கை முடிக்கும்போது, ஓய்வுபெற்ற தம்பதி ஒருவர் பெயரில் லெட்ஜரில் 1,86,400 ரூபாய் அட்வான்ஸாகவே நின்றது. வாலட் ஸ்டேட்மென்ட்டைப் புரட்டினால், அந்தப் புக்கிங்குக்கான ரீஃபண்ட் முந்தைய நவம்பரிலேயே ஒரே வரியில் வரவாகியிருக்கிறது. அடுத்த வரியில் வேறு யாருக்கோ கோவா ஹோட்டல் புக்கிங், அதற்கடுத்து ஒரு விமான டிக்கெட். முதலாளியைக் கேட்டேன். "சார், அந்தச் சமயம் ஆபீஸ் வாடகை, ரெண்டு பசங்களோட சம்பளம், எதுவுமே ஓடல. சீசன் வந்ததும் கொடுத்துடலாம்னு வச்சிருந்தேன்." அந்தப் பெரியவருக்கு என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்றேன். "கப்பல்காரன் இன்னும் தரலன்னு சொல்லியிருக்கேன்." அவர் மோசக்காரர் இல்லை, வியாபாரம் செத்துக் கிடந்தது என்பதும் உண்மை. ஆனால் பெரியவரின் பணத்தில்தான் அந்தக் கடை ஐந்து மாதம் பிழைத்தது. எழுதி வாங்கிக் கொடுக்க வைத்தேன், மூன்று தவணையில் கொடுத்தார்.

அதனால் ரீஃபண்ட் தாமதமானால் "எப்போது வரும்" என்று கேட்பதைவிட, கப்பல் கம்பெனியின் புக்கிங் எண்ணைக் கேளுங்கள். ஏஜென்ட் தரும் இன்வாய்ஸ் எண் வேறு, இது வேறு. அந்த எண்ணோடு கம்பெனிக்கே மெயில் போட்டால், ரீஃபண்ட் விட்டாயிற்றா, எந்தத் தேதியில், யாருக்கு என்று கேட்கலாம். பணம் கட்டும் அன்றே இந்த எண்ணை வாங்கிவிடுவது நல்லது. தரத் தயங்கினால் கேபின் இன்னும் புக் ஆகவில்லை என்றுகூட அர்த்தமாகலாம்.

கட்டுவது கிரெடிட் கார்டில் இருக்கட்டும். ஏஜென்ட் இரண்டு சதவீதம் கூடுதல் கேட்பார், கொடுங்கள். சேவை கிடைக்கவில்லை என்று பேங்க் மூலம் பணத்தைத் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக் என்ற வழி அதில் இருக்கிறது. ஏஜென்ட்டின் சேமிப்புக் கணக்குக்கு யூபிஐயில் அனுப்பிய பணத்துக்கு அந்த வசதி இல்லை. சார்ஜ்பேக்குக்குக் கெடு உண்டு, பொதுவாகப் பயணத் தேதியிலிருந்து 120 நாள். "இந்த மாசம் வந்துடும் சார், அடுத்த மாசம் வந்துடும் சார்" என்பதைக் கேட்டுக்கொண்டிருந்தே அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் ஏராளம். பணத்துக்குப் பதில் அடுத்த பயணத்துக்கான கிரெடிட் நோட்டுக்குச் சம்மதம் என்று மெயிலில் எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் சார்ஜ்பேக்கும் கஷ்டம்.

பயணம் ரத்தாகாமல் பாதை மட்டும் மாறினால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். துறைமுகத்தை மாற்றவோ விடவோ கம்பெனிக்கு உரிமை உண்டு என்று டிக்கெட் ஒப்பந்தத்திலேயே இருக்கும். 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கார்டீலியா கப்பலுக்குப் புதுச்சேரியில் நிற்க அனுமதி கிடைக்காமல் போனது நினைவிருக்கலாம். அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறுகிறவர்களுக்கு மட்டும் ஒரு விதி கொஞ்சம் உதவும்: 2022 முதல், புறப்பாடு மூன்று நாளோ அதற்கு மேலோ தள்ளிப்போய், நீங்கள் ஏறாமல் விட்டால் அதுவும் ரத்துக்குச் சமம், ரீஃபண்ட் உண்டு.

வழக்கு எங்கே போடுவது என்பதும் அந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. ஃப்ளோரிடாவில்தான் வழக்கு என்று அச்சடித்திருந்தால் அது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991லேயே சொல்லிவிட்டது. ஆனால் உங்களுக்கு விற்றவர் இங்கே இருக்கிறார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே அவர்மேல் புகார் கொடுக்கலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே பணம் வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக அந்த டிசிஎஸ். பயணம் ரத்தாகி ஏஜென்ட் பணத்தைத் திருப்பினாலும், டிசிஎஸ் தொகை ஏற்கெனவே உங்கள் பான் எண்ணில் அரசுக்குப் போயிருக்கும். வருமான வரித் தளத்தில், உங்கள் பெயரில் போன வரியைக் காட்டும் படிவத்தில் (26ஏஎஸ் என்பார்கள்) வந்திருக்கிறதா என்று பார்த்து, ரிட்டர்ன் போடும்போது கேட்டு வாங்குங்கள். அங்கே வரவில்லை என்றால் ஏஜென்ட் பிடித்தும் கட்டாமல் விட்டிருக்கலாம். அதற்கும் அவரைத்தான் பிடிக்க வேண்டும்.