500-க்கும் 501-க்கும் நடுவே 243 ரூபாய்: கடலூர் வீடுகளுக்கான கரண்ட் பில் கணக்கு

மே மாதம் முடிந்து வந்த கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு வண்டிப்பாளையத்துச் சித்தி போன் பண்ணினார். "போன தடவ 1,742 கட்டுனேன்டா தம்பி. இந்தத் தடவ 2,141 வந்திருக்கு. மீட்டர் ஓடுதா, பறக்குதா?" என்றார். மீட்டர் ரீடிங் எழுதும் வெள்ளை அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். போன தடவை 490 யூனிட், இந்தத் தடவை 512 யூனிட். மீட்டரில் கோளாறு எதுவும் இல்லை. கூடுதலாக ஓடியது 22 யூனிட்தான், ஆனால் அதற்குப் போன பணம் கிட்டத்தட்ட 400 ரூபாய்.

இது சித்தி வீட்டுக்கு மட்டும் நடப்பதல்ல. கத்திரி வெயிலில் ஏசி ஓடும் வீடுகள் பலவற்றில் இதே கதைதான். பில் போடும் முறையை யாரும் உட்கார்ந்து விளக்கிச் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

கீழே வரும் கணக்கெல்லாம் 2024 ஜூலை 1 முதல் வீடுகளுக்கு வந்த விகிதப்படி. விகிதமோ இலவச யூனிட்டோ அதன்பின் மாறியிருந்தால் எண்களும் மாறும். 2025 ஜூலையில், விலையை நிர்ணயிக்கும் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தை உயர்த்தியபோது வீட்டு இணைப்புகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது.

இந்த விகிதத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். இது 2016 மே மாதம் வந்தது. அதற்கு மேல் இரண்டு தனித்தனி அட்டவணைகள் இருக்கின்றன. இங்கேதான் பலரும் தடுமாறுகிறோம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 ரூபாய்ச் சலுகையே கிடையாது. 101-லிருந்து 400 வரை முழுக்க 4.70 ஆகிவிடும். 500-க்கு மேல் போகும் யூனிட்டுக்கு 8.40, 600 தாண்டினால் 9.45, 800 தாண்டினால் 10.50, ஆயிரம் தாண்டினால் 11.55.

சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501 ஓடிய வீட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 8.40 மட்டும் இல்லை. ஏற்கெனவே எரித்த நூறு யூனிட்டுக்குக் கிடைத்திருந்த 235 ரூபாய்ச் சலுகையையும் சேர்த்து அது எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு ஏசியை ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட விட்டாலே அந்த ஒரு யூனிட் ஆகிவிடும்.

சித்திக்கு நான் சொன்னது ஒரே ஒரு வேலை. ரீடிங் எடுக்க ஆள் வந்துபோன அன்று அட்டையில் உள்ள எண்ணோடு 500-ஐக் கூட்டி, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். 14,326 என்றால் 14,826. நாற்பத்தைந்தாம் நாள் ஒரு தடவை போய்ப் பார்த்தால் போதும். மீதி எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் ஏசியை எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்யலாம். அடுத்த சுற்றில் சித்தி வீட்டில் 487 யூனிட் ஓடியது, பில் 1,723 ரூபாய். ரீடிங் எடுக்கும் தேதி தள்ளிப்போனால் அந்தக் கூடுதல் நாட்களின் யூனிட்டும் இதே கணக்கில்தான் ஏறும். அதனால் தேதியையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். 60 நாள் தாண்டியும் ஆள் வரவில்லை என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 9498794987, போன் செய்து சொல்லிவிடலாம்.

இனி, கடலூரில் டீக்கடை பெஞ்ச் வரை பேசப்படும் விஷயம்: "பாண்டியில மாசா மாசம் பில். நமக்கு மட்டும் ஏன் ரெண்டு மாசம்?" ரெட்டிச்சாவடியைத் தாண்டி முள்ளோடைக்குப் போனால் புதுச்சேரி மின்துறை. அங்கே மாதக் கணக்குதான். விலையை நிர்ணயிப்பது கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். நம் பக்கம் அதைச் செய்வது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். புதுச்சேரியில் வீடுகளுக்கும் நிலைக்கட்டணம், அதாவது எத்தனை யூனிட் ஓடினாலும் கட்ட வேண்டிய தொகை, உண்டு. இங்கே 2022 செப்டம்பரில் வீடுகளுக்கான நிலைக்கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். ஆகவே இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியாக வராது.

மாதக் கணக்கு வந்தால் நமக்கு பில் குறையுமா? தமிழ்நாட்டில் இது 2021 சட்டமன்றத் தேர்தலின் வாக்குறுதிகளில் ஒன்று. பலரும் நிச்சயம் குறையும் என்றே நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் பதில் வேறு மாதிரி வருகிறது. ஒரு வீட்டில் ஏப்ரலில் 200, மே மாதம் 300 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய முறையில் மொத்தம் 500, பில் 1,805 ரூபாய். மாதக் கணக்கு வந்து, விலை மாறும் யூனிட் வரம்புகளான படிகளை அப்படியே விட்டு, மாதத்துக்கே 100 இலவசம் என்று வைத்தால் ஏப்ரலுக்கு 235, மே மாதத்துக்கு 705, ஆக மொத்தம் 940 ரூபாய். ஏறக்குறைய பாதிக்குப் பாதி மிச்சம். ஆனால் படிகளையும் பாதியாக்கி, மாதத்துக்கு 50 இலவசம், 250 தாண்டினால் சலுகை இல்லை என்று வைத்தால்? ஏப்ரலுக்கு 587.50, மே மாதத்துக்கு 1,440. மொத்தம் 2,027.50. இப்போது கட்டுவதைவிட 222 ரூபாய் 50 காசு கூடுதல்.

காரணம் எளிது. இரண்டு மாதம் சேர்த்துக் கணக்குப் பார்க்கும்போது குறைவாக ஓடிய மாதம், அதிகமாக ஓடிய மாதத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. பிரித்துவிட்டால் அந்தத் தாங்கல் போய்விடும். இரண்டு மாதமும் ஏறக்குறைய ஒரே அளவு ஓடி, 500-ஐ ஒட்டி நிற்கும் சில வீடுகளுக்குப் பாதிப் படியிலும் கொஞ்சம் லாபம் வரலாம். ஆகவே "மாதக் கணக்கு வேண்டும்" என்று கேட்பவர்கள் கூடவே "படி எத்தனை யூனிட்?" என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விதான் பணத்தை முடிவு செய்யும்.

பில் போடும் முறையை வீட்டுக்காரரே தேர்ந்தெடுக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது மாடியில் சோலார் போடும்போது. நெட் மீட்டரிங் என்றால், பலகை உற்பத்தி செய்து வெளியே அனுப்பிய யூனிட்டை நாம் வாங்கிய யூனிட்டிலிருந்து கழித்து, மீதிக்கு மட்டும் பில். கிராஸ் மீட்டரிங் என்றால், உற்பத்தி முழுவதையும் நிர்ணயித்த விலைக்கு மின்வாரியத்துக்கு விற்றுவிடுகிறோம், வீட்டுச் செலவுக்கு வழக்கம்போல முழு பில்.

குடியிருக்கும் வீட்டுக்கு நான் நெட் மீட்டரிங்கைத்தான் சொல்வேன். கழிபடுவது மேல்படியிலிருந்து, அதாவது விலை அதிகமான யூனிட்டிலிருந்து. ஒரு கிலோவாட் பலகை சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. 520 யூனிட் ஓடும் வீட்டு பில் 2,208 ரூபாய். 240 கழிந்து 280-க்கு வந்தால் 611 ரூபாய். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்யகர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்கு தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டே ஓடும் வீட்டின் பில் 235 ரூபாய்தான். அந்த வீட்டுக்காரர் கடன் வாங்கி சோலார் போட வேண்டாம். விற்க வருபவர் இதைச் சொல்ல மாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

சோலார் போடுபவர்கள் பலகையைத் தாங்கும் சட்டகத்தில் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலை நம் ஊர் மறக்கவில்லை. மின்கம்பங்களே முறிந்து விழுந்த காற்று அது.

ஸ்மார்ட் மீட்டர் வந்தால் இன்னொரு முறையும் சேரும். நேரத்துக்கு நேரம் விலை. 2023-இல் மத்திய அரசு திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளின்படி, வெயில் நேரத்தில் மாநில ஆணையம் குறிக்கும் எட்டு மணி நேரத்துக்குக் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும். உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். இப்போதுள்ள சாதாரண மீட்டருக்கு மொத்த யூனிட் மட்டும்தான் தெரியும், மணி தெரியாது. மோட்டார், கிரைண்டர், வாஷிங் மெஷினைப் பகலில் ஓட்டும் வீட்டுக்கு இந்த முறை ஒத்துவரும். பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டு ராத்திரி ஏழு மணிக்கு வந்து எல்லாவற்றையும் போடும் வீட்டுக்குச் சுமைதான்.

கீழ்வீடும் மாடிவீடும் ஒரே மீட்டரில் ஓடுகிறதென்றால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் உதவாது. இரண்டு குடும்பத்தின் யூனிட்டும் சேர்ந்து 500-ஐத் தாண்டும். வாடகைக்கு இருப்பவர் சப்மீட்டர் பார்த்து வீட்டுக்காரர் சொன்ன விலையைக் கொடுப்பார், இலவச நூறு அவர் கைக்கு வரவே வராது. மாடி தனிக் குடும்பத்துக்கான தனி வீடாக இருந்தால், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் அதற்கென்று தனி இணைப்புக்கு விண்ணப்பிக்கும்படி உரிமையாளரைக் கேளுங்கள். வாடகை பேசும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.