மாடியில் காற்றாலை: மானியம் எதற்கு உண்டு, எதற்கு இல்லை

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் என் மாமா ஒரு விலைப்புள்ளியைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். மொட்டை மாடியில் பொருத்த 3 கிலோவாட் காற்றாலை, பேட்டரிகள், இன்வெர்ட்டர், இரும்புக் கம்பம் என்று வரிசையாக விலை போட்டிருந்தது. கடைசிக்கு முந்தைய வரியில் ‘அரசு மானியம் கழிவு: ரூ.78,000’ என்று எழுதியிருந்தார்கள். “கடலோரத்தில் காற்றுக்கா பஞ்சம்? முன்பணம் கொடுத்துவிடலாமா?” என்று கேட்டார். அந்த ஒரு வரிதான் என்னை இதை எழுத வைத்தது.

78,000 ரூபாய் என்பது உண்மையான தொகைதான். ஆனால் அது காற்றாலைக்கு உரியது அல்ல. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டத்தில், வீட்டுக் கூரையில் சூரியத் தகடு பொருத்துவோருக்கு முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மத்திய அரசு தருகிறது. இவற்றைக் கூட்டினால் 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அவ்வளவுதான். தகட்டுக்கு அருகிலேயே ஒரு காற்றாலையை நிறுத்தினாலும் அதற்கு இந்தத் திட்டத்தில் ஒரு ரூபாயும் கிடையாது.

அப்படியென்றால் சிறு காற்றாலைக்கு மானியம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் அது இருந்தது. மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் சிறு காற்றாலைகளுக்கும், காற்றும் சூரியனும் சேர்ந்த கலப்பு அமைப்புகளுக்கும் தனித் திட்டம் வைத்திருந்தது. மின்சாரம் தரும் காற்றாலைக்கு கிலோவாட்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உதவி கிடைத்தது. தண்ணீர் இறைக்கும் காற்றாலைக்கு விலையில் பாதி. அதிலும் ஆரோவில்லில் உருவான ஏவி-55 மாதிரிக்கு உச்சவரம்பு 45,000 ரூபாய். புதுச்சேரியிலிருந்து ஆரோவில் பக்கம் போனவர்கள், உயரமான கோபுரத்தில் நிறைய இறக்கைகளோடு மெதுவாகச் சுழலும் அந்தக் காற்றாலையைப் பார்த்திருக்கலாம். நம் பக்கத்து மண்ணில் செய்யப்பட்ட ஒரு கருவியின் பெயர் மத்திய அரசின் மானியப் பட்டியலில் தனியாக இடம்பெற்றிருந்தது எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தத் திட்டம் இப்போது நடப்பில் இல்லை. பழைய சுற்றறிக்கையின் நகலைக் காட்டி யாராவது விற்க வந்தால், முதலில் அதன் தேதியைப் பாருங்கள்.

மாநிலத்தின் கொள்கை என்ன? காற்றாலை மின்சாரத்தில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கிறது. ஆனால் அந்தக் காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் கணவாய்களின் வழியே வருகிறது. கொள்கைகளும் அங்கே நிற்கும் பெரிய ஆலைகளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. 2024இல் தமிழக அரசு வெளியிட்ட காற்றாலைக் கொள்கை, பழைய ஆலைகளை மாற்றிப் புதிதாக நிறுவுவதையும் ஆயுளை நீட்டிப்பதையும் பற்றியது. 2018ஆம் ஆண்டின் தேசியக் காற்று–சூரியக் கலப்புக் கொள்கையும் பெரிய நிலையங்களுக்கானதே. ஓர் எளிய வீட்டின் மாடி இந்த ஏட்டில் எங்கும் வரவில்லை. அது ஒரு குறை என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் மானியம் வேறு, உரிமை வேறு. 2020 டிசம்பர் 31 அன்று மத்திய அரசு வெளியிட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, ஒரு நுகர்வோர் நுகர்வோராக இருந்துகொண்டே, தன் இடத்தில் புதுப்பிக்கத்தக்க மின் உற்பத்தி அமைப்பை நிறுவிக்கொள்ளலாம். கூரைச் சூரியத் தகடு ‘உட்பட’ என்றுதான் விதி சொல்கிறது. அது மட்டும் என்று சொல்லவில்லை. ஆகவே காற்றாலை வைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பேட்டரியில் சேமித்து வீட்டுக்குள்ளேயே பயன்படுத்துவதற்கு இது போதும்.

சிக்கல் வருவது, மிச்ச மின்சாரத்தை வெளிக் கம்பிக்கு அனுப்பும்போது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021 அக்டோபர் ஆணை வீட்டு இணைப்புகளுக்கு இருவழி மீட்டர் (எடுக்கும் மின்சாரத்தையும் அனுப்பும் மின்சாரத்தையும் கணக்கிடுவது) வசதி தருகிறது. ஆனால் அது சூரிய மின்சாரத்துக்கான ஆணை. புதுச்சேரி, கோவாவும் பிற ஒன்றியப் பகுதிகளும் அடங்கிய இணை ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் வருகிறது; அதன் 2019 விதிமுறைகளும் சூரியத் தகட்டையே பெயர் சொல்லிக் குறிக்கின்றன. எனவே ‘மிச்ச யூனிட் கட்டணத்தில் கழிந்துவிடும்’ என்ற விற்பனைப் பேச்சை, மின்துறையின் எழுத்துப்பூர்வமான பதில் இல்லாமல் நம்பாதீர்கள்.

இப்போது காற்றுக்கே வருவோம். மாமாவின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டால் நான்கு கிளிப் வேண்டும். ஆனால் காற்றில் உள்ள ஆற்றல் அதன் வேகத்தின் முப்படியாக ஏறி இறங்கும். வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். அவருக்குக் காட்டிய இயந்திரத்தின் இறக்கை வட்டம் 4 மீட்டர் விட்டம். அதன் 3 கிலோவாட் திறன், நொடிக்கு 11 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 40 கிலோமீட்டர் வேகக் காற்றுக்குச் சொல்லப்பட்டது. நம் முகத்தில் இதமாகப் படும் நொடிக்கு 4 மீட்டர் காற்றில், காற்றின் ஆற்றலில் 30 சதவீதத்தைப் பிடித்தாலும் கிடைப்பது ஏறக்குறைய 145 வாட். இரண்டு மின்விசிறிகள் ஓடும், அவ்வளவுதான். இரவும் பகலும் அதே வேகத்தில் வீசினால் ஒரு நாளைக்கு மூன்றரை யூனிட். அதே 3 கிலோவாட்டுக்குச் சூரியத் தகடு போட்டால் நம் வெயிலில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு யூனிட் அளவில் தரும். மாடியில் கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, பக்கத்துத் தென்னை எல்லாம் காற்றைச் சுழியாக்கி இன்னும் கெடுக்கும்.

கடலூருக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. இந்தக் கரையில் கம்பம் நடுகிறவர், அது எவ்வளவு சூறைக்காற்றைத் தாங்கும், புயல் எச்சரிக்கை வந்தால் கம்பத்தைச் சாய்த்துப் படுக்க வைக்க முடியுமா என்ற இரண்டையும் கேட்டே ஆக வேண்டும். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் சிறு காற்றாலைகளைக் கயத்தாறு நிலையத்தில் சோதித்திருக்கிறது. உங்களுக்கு விற்கும் மாதிரிக்குச் சோதனைச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். உப்புக்காற்றில் போல்ட்டுகள் எத்தனை வேகமாகத் துருப்பிடிக்கும் என்பது நம் ஊரில் சைக்கிள் வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும். உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் நீர் ஏறும்போது தொடும் எல்லை) 500 மீட்டருக்குள் நிலத்தில் கோபுரம் எழுப்புவதானால் கடலோர ஒழுங்குமுறை விதிகளையும் விசாரிக்க வேண்டும்.

இன்றைக்கு உண்மையாகக் கிடைக்கும் சலுகைகள் இரண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் காற்றாலைக் கருவிகளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. விலைப்புள்ளியில் இன்னும் 12 போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். தொழில் நடத்துவோர் வருமான வரிக் கணக்கில் காற்றாலைக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் கழிக்க முடியும். மின்கம்பி எட்டாத இறால் பண்ணை, தோப்புவீடு, இரவுக் காவல் கொட்டகை போன்ற இடங்களில் சூரியத் தகட்டுக்குத் துணையாகச் சிறு காற்றாலை பயன்படலாம். மழைக்காலத்தில் வானம் நாள்கணக்கில் மூடிக்கிடக்கும்போது வாடைக் காற்று கொஞ்சம் கைகொடுக்கும். கம்பி வந்த வீட்டுக்கு என் பரிந்துரை சூரியத் தகடுதான்.

கடைசியாக ஒரு வழி. விற்பவர் சொல்லும் மானியம் உண்மையா என்று சந்தேகம் வந்தால், திட்டத்தின் பெயர், அரசாணை எண், தேதி ஆகியவற்றை எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு கடலூரில் இருப்பவர்கள் தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகத்துக்கும் (பழைய தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமை, அதாவது டெடா, இப்போது இதில் இணைந்துவிட்டது), புதுச்சேரியில் இருப்பவர்கள் அங்குள்ள புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமைக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு அனுப்பலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். “சிறு காற்றாலைக்கு நடப்பு நிதியாண்டில் மானியம் உள்ளதா? வீட்டுக் காற்றாலைக்கு இருவழி மீட்டர் தரப்படுமா?” என்ற இரண்டு கேள்விகள் போதும். மாமா கேட்டபோது விற்பனையாளர் அரசாணை எண்ணைத் தரவில்லை. முன்பணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணத்தோடு அவர் 2 கிலோவாட் சூரியத் தகடுக்கு விண்ணப்பித்திருக்கிறார். அதற்கு மானியம் 60,000 ரூபாய்.