தோட்டா அல்ல, கோது

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் பழக்கமுள்ளவர்கள் பலர், சுட்டபின் விழும் பித்தளைக் குழல்களைப் பொறுக்கி வந்து, சுத்தம் செய்து, வெடிமருந்தும் குண்டும் அடைத்து மறுபடி பயன்படுத்துவார்கள். அதைக் காட்டும் ஒரு காணொளிக்குத் தமிழில் இப்படி வரி போட்டிருந்தார்கள்: "தோட்டாக்களைக் கழுவி ஓவனில் உலர்த்தவும்." பதறிவிட்டேன். தோட்டா என்றால் மருந்து நிரம்பியது. அதை ஓவனில் வைத்தால் வெடிக்கக்கூடும்.

தோட்டா, இந்துஸ்தானியிலிருந்து வந்த சொல். ஆங்கிலக் கார்ட்ரிட்ஜுக்கு மூலம் இத்தாலியக் 'கார்ட்டா', அதாவது காகிதம். முன்பு மருந்தையும் குண்டையும் காகிதத்தில்தான் சுருட்டினார்கள். 1857-ல் சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்ததும் அந்தக் காகிதச் சுருளைத்தான். அப்புறம்தான் பித்தளை வந்தது. குண்டு, மருந்து, பற்றவைக்கும் கேப்பு, குழல் நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. சுட்டபின் மிஞ்சும் குழலுக்கு என்ன பெயர்?

'வெற்றுத் தோட்டா' என்கிறார்கள். குண்டில்லாமல் சத்தத்துக்காக மட்டும் சுடுவதையும் அப்படியே சொல்கிறார்கள். அதில் மருந்து உண்டு! 'தோட்டா உறை'யும் எனக்கு ஒப்பவில்லை. தலையணைக்கும் வாளுக்கும் உறை உண்டு, கழற்றலாம், மாட்டலாம். இந்தக் குழல் அப்படியா? மருந்து எரிவதே இதற்குள்தான். வெடிக்கும் கணத்தில் விரிந்து, துப்பாக்கியின் உட்சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைப்பதும் இதுதான். 'கூடு' நல்ல சொல்தான். ஆனால் ஈழத்தில் ரவைக்கூடு என்றால் தோட்டாக்களை அடுக்கும் பெட்டி.

அந்த ஈழத்திலேயே நமக்கு வேண்டிய சொல்லும் இருக்கிறது: கோது. முட்டைக்கோது, புளியங்கோது, ரவைக்கோது. உள்ளிருந்தது போனபின் மிஞ்சும் ஓடு. இவ்வளவு பொருத்தமான சொல் புழக்கத்தில் இருக்க, மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் சொல்லோடு ஏன் நின்றுவிடுகிறார்கள்?

'கழுவி' என்பதும் போதாது. கோது 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. பித்தளையை நாம் துலக்குவோம். புளியின் புளிப்பு குத்துவிளக்கின் கறுப்பை எடுப்பதுபோலத்தான் அங்கே சிட்ரிக் அமிலம். கேப்பைத் தட்டி எடுத்துவிட்டு, அமிலமும் சோப்பும் கலந்த நீரில், மெல்லிய எஃகு ஊசிகளோடு உருளையில் சுழற்றுவார்கள். அமோனியா மட்டும் கூடாது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் லாயங்களின் பக்கம் வைத்திருந்த தோட்டாக்களின் கோது விரிசல் விட்டதற்கு, குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியாதான் காரணம்.

'உலர்த்துதல்' சரியான சொல்தான். துண்டில் உருட்டினால் வெளி ஈரம் போய்விடும். கேப்பு இருந்த குழியில் ஒரு சொட்டு தங்கினாலும் புது மருந்து கெடும். அதற்காக அதிகச் சூடு காட்டினால் பித்தளை வலுவிழந்து மென்மையாகிவிடும். அந்த வரியை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: "சுட்டுமுடித்த கோதுகளைத் துலக்கி, இளஞ்சூட்டில் உள்ளீரம் போக உலர்த்துங்கள்."