ஓப்பன் புக் மேனேஜ்மென்ட்: வெளிப்படைக் கணக்கு மேலாண்மை

நிறுவனத்தின் வரவு செலவு, கடன், லாபம், கையில் உள்ள ரொக்கம் ஆகியவற்றை எல்லா ஊழியர்களுக்கும் காட்டி, அந்த எண்களைப் படிக்கவும் கற்றுக்கொடுத்து வேலையை நடத்தும் முறைக்கு ஓப்பன் புக் மேனேஜ்மென்ட் என்று பெயர்.

இதைத் தமிழில் 'திறந்த புத்தக மேலாண்மை' என்று எழுதினால் பொருள் தவறிவிடும். இங்கே புக் என்பது கணக்கேடு. சரி, 'திறந்த கணக்கு' எனலாமா? ஏற்றுமதி வணிகத்தில் அந்தப் பெயர், சரக்கை முதலில் அனுப்பிப் பணத்தைப் பிறகு வாங்கும் முறையைக் குறிக்கும். ஆகவே 'வெளிப்படைக் கணக்கு மேலாண்மை' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

1983இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், பழைய எஞ்சின்களைப் புதுப்பிக்கும் ஆலை ஒன்றை ஜாக் ஸ்டாக்கும் சக மேலாளர்களும் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்திடமிருந்து வாங்கினார்கள். சொந்தப் பணம் ஒரு லட்சம் டாலர், கடன் 89 லட்சம் டாலர். கொஞ்சம் சறுக்கினாலும் ஆலை மூழ்கிவிடும் என்ற நிலையில், லாப நஷ்டக் கணக்கையும், சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையையும் தொழிலாளர்களுக்கே சொல்லிக்கொடுத்தார் ஸ்டாக். ஆலை பிழைத்து வளர்ந்தது. இந்த முறைக்குப் பெயர் வந்தது பிறகுதான்: 1990களின் தொடக்கத்தில் இன்க் என்ற அமெரிக்க வணிக இதழின் ஜான் கேஸ் வைத்தார்.

கணக்கைக் காட்டினால் வேலை ஏன் மேம்படுகிறது? இயந்திரத்தில் நிற்பவருக்குக் கழிவு எங்கே உண்டாகிறது என்று தெரியும். அதன் விலைதான் தெரியாது. மேலாளருக்கு விலை தெரியும், காரணம் தெரியாது. இரண்டும் ஒரே ஆளிடம் சேரும்போது, உத்தரவுக்குக் காத்திருக்காமல் அங்கேயே திருத்தம் நடக்கிறது. அப்புறம், நஷ்டம் வந்த மாதத்தில் வதந்தி ஓடுவதற்கும் வழி குறைகிறது.

ஆனால் அறிவிப்புப் பலகையில் எண்களை ஒட்டிவிடுவது மட்டும் இந்த முறை ஆகாது. கற்றுத்தராத கணக்கு யாருக்கும் புரியாது. லாபத்தில் ஊழியருக்குப் பங்கு தராமல் லாபத்தை மட்டும் காட்டினால் மனக்கசப்புதான் மிஞ்சும், அது நியாயமானதும்கூட. ஸ்டாக்கின் ஆலையில் ஊழியர்களுக்கு ஊக்கத்தொகையும் நிறுவனப் பங்குகளும் கிடைத்தன.

தனிமனிதர்களின் சம்பளத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: காலாண்டு முடிவுகள் வெளியாகும் முன் மொத்தக் கணக்கையும் பகிர்ந்தால் உள்தகவல் வணிகத்தைத் (வெளியே தெரியாத தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்பதைத்) தடுக்கும் சட்டங்கள் குறுக்கே வரும். அங்கே அந்தந்தப் பிரிவின் செலவு, கழிவு, உற்பத்தி எண்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.