சோற்றைக் குறைத்தும் தொப்பை குறையவில்லையா? ராத்திரிப் போத்தலையும் கணக்கில் சேருங்கள்

எடை குறைக்க வேண்டும் என்று கிளினிக்குக்கு வருகிற ஆண்களிடம் ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், காலை ரொட்டியில் தொடங்கி பிளேன்டிக்கு எத்தனை கரண்டி சீனி என்பது வரை ஒன்று விடாமல் சொல்லிவிடுவார்கள். சாராயம் மட்டும் அந்தப் பட்டியலில் வராது. நானாகக் கேட்டால்தான், அதுவும் கூட வந்திருக்கும் மனைவி ஒரு பார்வை பார்த்த பிறகுதான், "உடம்பு வலிக்குக் கொஞ்சம் போடுறதுதாங்க, குளிருக்கு" என்று இழுப்பார்கள். வேண்டுமென்று மறைக்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. குடிப்பதும் சாப்பாட்டுக் கணக்கில் சேரும் என்றே பலருக்குத் தோன்றுவதில்லை.

சரி, கணக்கைப் பார்ப்போம். கால் போத்தல் என்பது 180 மில்லிலீட்டர். நம் பக்கம் விற்கும் சாராயத்தில் சாதாரணமாக 33 சதவீதத்துக்குச் சற்று மேல் மதுசாரம் இருக்கிறது. அப்படியென்றால் ஒரு காலில் சுத்த மதுசாரம் மட்டும் 48 கிராம் அளவில் வரும். ஒரு கிராம் மாச்சத்தில் 4 கலோரி, கொழுப்பில் 9, மதுசாரத்தில் 7. ஆக ஒரு கால் உள்ளே போனால் 330 கலோரிக்கு மேல், அதாவது ஒன்றரைக் கோப்பைச் சோற்றை விடக் கூடுதல். இதைக் கரைக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேகமாக நடக்க வேண்டும். "நான் சாராயம் தொடுறதில்லங்க, பியர்தான்" என்பவர்களுக்கும் இதே கதைதான். 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியர் பெரிய போத்தல் ஒன்றில் மதுசாரத்தால் மட்டும் 300 கலோரி, அதிலுள்ள மாச்சத்து அதற்கு மேல். சாராயத்தில் இனிப்புச் சோடா கலக்கிறவர்கள் சீனியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கலோரியை விட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் கிளினிக்கில் நான் அதிக நேரம் எடுத்துச் சொல்வேன். மதுசாரத்தைச் சேமித்து வைக்க நம் உடம்பில் இடமே இல்லை. அது ஒரு நச்சு, ஆகவே அதை வெளியேற்றும் வரை ஈரல் மற்ற வேலைகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிடும். அந்த நேரத்தில் கொழுப்பு எரிவது வெகுவாகக் குறைந்துபோகும். ஈரலால் ஒரு மணித்தியாலத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் சமாளிக்க முடியும். இரவு எட்டு மணிக்கு ஒரு கால் போத்தலை முடித்தால் விடியற்காலை ஒரு மணி, மூன்று மணி வரை அதே வேலைதான். குடித்த மதுசாரத்தில் மிகச் சிறிய பங்குதான் கொழுப்பாக மாறுகிறது, உண்மை. ஆனால் அதோடு சேர்த்துத் தின்ற எண்ணெயும் இறைச்சிக் கொழுப்பும் எரிய வழியில்லாமல் அப்படியே வயிற்றிலும் ஈரலிலும் போய்ப் படிகின்றன.

சேர்த்துத் தின்பதுதான் என்ன? பைட்ஸ். டெவல் பண்ணின கோழி, பொரித்த கருவாடு, பன்றி இறைச்சி, மிக்சர், வறுத்த கடலை. 100 கிராம் கடலையில் மட்டும் 570 கலோரி. ஹட்டன் பக்கம் ஓட்டோ ஓட்டுகிற ஒருவர், ராத்திரியில் சோறே தொடுவதில்லை, அப்புறம் ஏன் வயிறு குறையவில்லை என்று என்னோடு வாதாடினார். அவருடைய மனைவிதான் பதில் சொன்னார்: "வீட்டுக்கு வந்து எப்படிங்க திம்பாரு டொக்டர், ஒரு தட்டு ஈரலை ஸ்டாண்டுலயே முடிச்சிட்டுத்தானே வாராரு!" குடித்தால் பசியும் கூடும், போதும் என்று நிறுத்தும் புத்தியும் மழுங்கும். தூக்கமும் கெட்டுப்போகும், அதனால் மறுநாள் இனிப்பும் எண்ணெயும் கேட்டு நாக்கு அலையும்.

குளிருக்குக் குடிக்கிறேன் என்பதும் உடம்பை ஏமாற்றுவதுதான். மதுசாரம் தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்களை விரிப்பதால் சூடு ஏறினாற்போல் இருக்கும், ஆனால் உண்மையில் உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. நுவரெலியாவில் ஜனவரிப் பனியில் குடித்துவிட்டு வெளியே படுப்பது உயிருக்கே ஆபத்து.

சிலர் கேட்பார்கள், எங்கள் லயத்தில் நிறையக் குடிக்கிற ஆள் ஒல்லியாகத்தானே இருக்கிறான் என்று. சாப்பாட்டுக்குப் பதிலாகவே குடிக்கிறவருக்கு எடை குறையும்தான், ஆனால் குறைவது தசை. கையும் காலும் குச்சியாகி வயிறு மட்டும் முட்டிக்கொண்டு நின்றால், காலில் வீக்கமும் கண்ணில் மஞ்சளும் தெரிந்தால், அது தொப்பையாக இல்லாமல் ஈரல் கெட்டு வயிற்றில் சேர்ந்த நீராக இருக்கலாம். அன்றைக்கே பெரிய வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்', அதாவது ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, என்று மட்டும் எழுதியிருக்கிற கட்டத்தில் குடியை விட்டால் சில வாரங்களிலோ மாதங்களிலோ ஈரல் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். பெண்களுக்கு ஆண்களை விடக் குறைந்த அளவிலேயே ஈரல் கெடும்.

சீனி வருத்தத்துக்கு கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள், வீட்டில் உள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். மாத்திரையைப் போட்டு, எடை குறையட்டும் என்று சோற்றை விட்டு, குடித்துவிட்டுப் படுத்தால் நடுச்சாமத்தில் இரத்தச் சீனி அடியோடு இறங்கிவிடலாம். ஈரல் மதுசாரத்தோடு மல்லுக்கட்டுவதால் அதனால் சீனியை வெளியே விட முடியாது. வியர்வை கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். வெறியில் கிடக்கிறார், தூங்கட்டும் என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். அப்படி விடாதீர்கள். நினைவு இருந்தால் உடனே சீனி கரைத்த தண்ணீர் கொடுங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் பக்கவாட்டில் படுக்க வைத்து 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

எடை குறைய வேண்டுமென்றால் முழுசாக விட்டுவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். முடியாது என்பவர்கள் முதலில் வீட்டுச் சோற்றை, பருப்பும் கீரையும் வைத்து, வயிறாரச் சாப்பிடுங்கள். பைட்ஸ் வேண்டவே வேண்டாம். போயாவுக்கு, அதாவது பௌர்ணமிக்கு, சாராயக் கடை பூட்டுமே என்று முதல் நாளே இரண்டு மடங்கு வாங்கி வைக்காதீர்கள். ஒரு மாதம் விட்டுப் பார்த்து இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80க்கும் கீழே வர வேண்டும்.

வருஷக்கணக்காகத் தினமும் நிறையக் குடிப்பவர்கள் மட்டும் தாங்களாகவே ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. இரண்டு மூன்று நாளுக்குள் நடுக்கமும் வலிப்பும் புத்தி தடுமாற்றமும் வரலாம், சில நேரம் உயிரே போகலாம். நிறுத்துவதற்கு முன்னால் வைத்தியசாலைக்கு வந்து எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவதற்காக நாங்கள் கேட்பதில்லை, கொடுக்க வேண்டிய மருந்தின் அளவு அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.