‘சோலோ அல்பம்’ தனிப்பாடல் இறுவட்டு ஆகுமா?

கொழும்பில் வெளியாகும் ஒரு வார ஏட்டில், பிரித்தானிய நாட்டார் றொக் பாடகி சாண்டி டெனி பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரையொன்றை அண்மையில் வாசித்தேன். ஃபெயார்போர்ட் கன்வென்ஷன் குழுவிலிருந்து 1969 இல் விலகிய அவர், 1971 இல் தமது முதலாவது ‘தனிப்பாடல் இறுவட்டை’ வெளியிட்டாராம். வெள்ளவத்தை வெளியீட்டு விழா அழைப்பிதழ்களில் இத்தொடரைப் பலமுறை சகித்தவன் நான், இம்முறை இயலவில்லை.

சோலோ இத்தாலியச் சொல். ‘தனியே’ என்பது பொருள். அல்பம், வெள்ளை எனப் பொருள்படும் இலத்தீன் அடியிலிருந்து வந்தது: உரோமர் அறிவித்தல் எழுதிய வெண்பலகை, பின்னர் படம் ஒட்டும் ஏடு, அதன்பின் இசைத்தட்டுகளைப் புத்தகம்போல் உறைகளில் கோத்த தொகுதி.

இறுவட்டு நல்ல சொல். தமிழகத்தாரின் குறுந்தகட்டைவிட எனக்கு உவப்பானதும்கூட. ஆனால் அது இறுகிய வட்டாகிய கருவியின் பெயர். அக்கருவி சந்தைக்கு வந்ததோ 1982 இல். 1971 இன் கறுப்பு இசைத்தட்டை இறுவட்டு என்பது காலப் பிழை. உள்ளிருக்கும் பாடல்களை அப்பெயரால் சுட்டுவது கறியைச் சட்டி என்று அழைப்பதற்கு ஒப்பானது.

தனிப்பாடல் இதனினும் கேடு. காளமேகத்தின் தனிப்பாடல்களை அறிந்த எவருக்கும் அது நூலொன்றில் சேராது தனித்து நிற்கும் செய்யுள். பதினொரு பாடல்கள் கொண்ட தொகுதிக்கு அது எப்படிப் பொருந்தும்? ஒருவரே தனித்துப் பாடியது என்று பொருள் கொள்ளலாமே என்பர். அந்த இசைத்தட்டின் உறையில் பாடகியின் பெயர் ஒன்றுதான்; உள்ளே கிற்றார் வாசித்தவர் அவரது பழைய குழுத்தோழர் ரிச்சர்ட் தொம்சன், முரசடித்தவர் இடையில் டெனி அமைத்த ஃபொதரிங்கே குழுவின் ஜெரி கொன்வே. தனித்திருந்தது பெயர்தான், ஆள் அல்லர். அகராதியில் முதலில் அகப்பட்ட பொருளை ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குத் தாவும் மொழிபெயர்ப்பாளருக்கு இவ்வேறுபாடு எங்கே தெரியப்போகிறது?

எனவே ‘தன்பெயர் இசைத்தொகுப்பு’ என்பதே என் பரிந்துரை. நீளம் என்போர் ‘தன்பெயர்த் தொகுப்பு’ எனலாம். தொம்சனும் 1971 இல் ஃபெயார்போர்ட்டை விட்டு, மறு ஆண்டு தம் பெயரில் ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதில் துணைக்குரல் கொடுத்தவர்களுள் டெனியும் ஒருவர். அதனையும் அந்த ஏடு தனிப்பாடல் இறுவட்டு என்றே எழுதுமாயின், இருவரும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து மாறிமாறித் தனித்திருந்தார்கள் போலும்.